கப்பல் வராத நாட்கள்

ஜூலை 4

அக்கா,

மலை ஏறி வருகிற வழியில் ஆறு தடவை கூப்பிட்டாய். ஆறாவது தடவை "ஹலோ, கேக்குதா?" என்று முடிப்பதற்குள் சிக்னல் செத்துப்போனது. இனி அது பிழைக்காது. சுரங்கப்பாதை வெட்டுகிற முகாம் இது. தகரக் கொட்டகைகள், சேறு, பகலிலும் எரிகிற விளக்குகள், அவ்வளவுதான். வாரம் ஒருமுறை சாமான் வண்டி கீழே போகும், தபாலையும் எடுத்துப்போகும். அதனால் கேட்க வேண்டியதை எல்லாம் ஒரே கடிதத்தில் கேள். "ஒண்ணுமில்லடா, சும்மாதான் கூப்பிட்டேன்" வகையறாவுக்கு இங்கே வசதியில்லை.

உன் பள்ளிக்கூடத்துக்குச் செய்து கொடுத்த பெட்டியைப் பற்றிக் கடைசியாக ஒருமுறை சொல்கிறேன். குழந்தை சாயங்காலம் போகும்போது கைப்பட்டையை வாசலில் இருக்கிற பெட்டியில் தொட வேண்டும். அன்று அது எவ்வளவு நடந்தது, ஓடியது என்பதைப் பெட்டி எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு வகுப்புக்கும் சராசரி போட்டு, எந்த வகுப்பு மேலே, எது கீழே என்று நடைக்கூடத் திரையில் காட்டும். சராசரிக்கு வகுக்கிறபோது அன்றைக்கு எத்தனை பட்டை பெட்டியைத் தொட்டதோ அந்த எண்ணிக்கையால் மட்டும் வகுக்கும். வராத குழந்தை கணக்கில் வராது. நீ கேட்டதுதான் இது. "காய்ச்சல்ல படுத்த பிள்ளைக்காக வகுப்பே கீழ போகணுமாடா?" என்று என் உயிரை எடுத்தாயே.

திரையைத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் மாட்டாதே. பெட்டியைத் துணி போட்டு மூடாதே, அது கிளி இல்லை.

உங்கள் தலைமையாசிரியை சொன்னதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. "விளையாட்டு நல்லதுன்னு எனக்கும் தெரியும் டீச்சர். ஆனா கணக்குக்கு மார்க் இருக்கு, உங்களுக்கு என்ன இருக்கு? காட்டுங்க." நியாயமான கேள்வி. பருவம் முடிவதற்குள் காட்டவில்லை என்றால் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு விளையாட்டுப் பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிடுவார். இத்தனை வருஷம் நீ விசில் ஊதினாய், யாருக்கும் எதையும் காட்டவில்லை. இப்போது காட்டுவதற்கு ஒன்று செய்து கொடுத்திருக்கிறேன். கெடுத்துவிடாதே.

தம்பி


ஜூலை 13

மலைமேல் வீற்றிருக்கும் தம்பித் துரை அவர்களுக்கு,

கீழே இருக்கிற சாதாரண மனிதர்கள் நலம். அங்கே சாப்பாடு எப்படி என்று அம்மா கேட்கிறாள். நீ பதில் எழுத மாட்டாய் என்று தெரிந்தே கேட்கிறாள். "கல்லு மாதிரி இருப்பான், கேட்டா எரிஞ்சு விழுவான், கேட்டதா மட்டும் எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

பெட்டியைக் கிளி மாதிரியேதான் பார்த்துக்கொள்கிறேன். தம்பி, பிள்ளைகளை நீ பார்க்க வேண்டும். மணி அடித்தால் மாடிப்படி அதிர்கிறது. ஏழாம் வகுப்புப் பையன்கள் கைகழுவக்கூடப் பள்ளிக்கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகிறார்கள். ஒருத்தன் பட்டையை மின்விசிறியில் கட்டிவிட்டுக் கீழே உட்கார்ந்து படக்கதை படித்துக்கொண்டிருந்தான். உன் பெட்டி அதை ஏற்கவில்லை. "மிஸ், இது உங்கள மாதிரியே சந்தேகப்படுது" என்கிறான். என்னை மாதிரி இல்லை, அதைச் செய்த என் தம்பி மாதிரி என்று திருத்தினேன்.

தலைமையாசிரியை மேடம் தினமும் காலையில் திரைக்கு முன்னால் நின்றுவிட்டுத்தான் அறைக்குப் போகிறார். நேற்று என்னைப் பார்த்து, "ஆறு பி எங்கயோ போகுதே டீச்சர்?" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று தெரிந்தது. பல் வலியாகவும் இருக்கலாம்.

ஆறு பி விஷயம் எனக்கே புதிர்தான். முதல் வாரம் அவர்கள்தான் கடைசி. அந்த வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள், எல்லோரும் கப்பல் என்று கூப்பிடுகிறார்கள். நான் கண்டித்தேன். "பரவால்ல மிஸ், நானே வச்சுக்கிட்டதுதான்" என்றாள். பெரிய உடம்பு, இரண்டு பக்கமும் அசைந்து அசைந்து நிதானமாக வருவாள். யார் விரட்டினாலும் வேகம் மாறாது. கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கணக்கு டீச்சரே விடையை எழுதிவிட்டு ஓரக்கண்ணால் அவளைப் பார்ப்பார், சரிதானா என்று. அந்த வகுப்பு இப்போது ஏறிக்கொண்டே போகிறது. என்ன மாயமடா பண்ணினாய்?

உன் அக்கா


ஜூலை 20

அக்கா,

மாயம் ஒன்றும் இல்லை. ஒரு விஷயத்தை அளந்து காட்டினால் மனிதர்கள் அதைக் கூட்டப் பார்ப்பார்கள். இங்கேயும் அப்படித்தான். அறிவுரை சொன்னால் யாரும் கேட்பதில்லை, எண்ணைக் காட்டினால் எழுந்து நிற்கிறார்கள். நீ இத்தனை காலம் தொண்டை கிழியக் கத்தியதை ஒரு திரை சத்தமே இல்லாமல் செய்கிறது.

ஆறு பி ஏன் ஏறியது என்று தோண்டாதே. ஏறியது என்று சந்தோஷப்படு. உனக்கு எது நல்லபடியாக நடந்தாலும் ஒரு சந்தேகம் வந்துவிடும். கல்யாணத்தன்றைக்கே அத்தானிடம், "என்ன, எல்லாம் சரியா போகுது, எதையாவது மறந்துட்டோமா?" என்று கேட்டவள்தானே நீ.

உன் கடிதத்தை இங்கே பெரிய இன்ஜினியரிடம் படித்துக் காட்டினேன் (கிளி விஷயத்தை விட்டுவிட்டு). அவர் மகன் படிக்கிற பள்ளிக்கும் ஒரு பெட்டி செய்து தர முடியுமா என்கிறார். பருவம் முடிந்ததும் உங்கள் மேடத்திடம் நாலு வரி எழுதி வாங்கி அனுப்பு.

சாப்பாடு இருக்கிறது. அம்மாவிடம் சொல்.

தம்பி


ஜூலை 28

தம்பி,

கேலி எழுதும் மனநிலையில் நான் இல்லை.

நீ தோண்டாதே என்றாய். நான் தோண்டவில்லை, காலில் தட்டியது. செவ்வாய்க்கிழமை ஆறு பிக்கு விளையாட்டுப் பீரியட். பந்து எடுக்க அறைக்குப் போனேன். பழைய ஜிம்னாஸ்டிக் மெத்தைகளை மூலையில் அடுக்கி வைத்திருப்போமே, அதற்குப் பின்னால் கப்பல் உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு புதிர்ப் புத்தகத்தோடு. "என்ன பண்ற இங்க?" என்றேன். "வயித்து வலி மிஸ்." கையில் பட்டை இல்லை. "தொலைஞ்சு போச்சு மிஸ்." பிறகு வருகைப் பதிவைப் பார்த்தால் மூன்று வாரமாக இப்படித்தான் நடந்திருக்கிறது. ஒரு நாள் வயிற்று வலி, ஒரு நாள் தலைவலி, சில நாட்கள் பள்ளிக்கே வரவில்லை. வருகிற நாளில் பட்டை இருக்காது.

எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது என்று நினைத்தேன். நேராக மைதானத்துக்குப் போய் வகுப்பையே வரிசையில் நிற்க வைத்தேன். அந்த வகுப்பு லீடர் இருக்கிறாளே, இரட்டைப் பின்னல், வாய் ஓயாது, அவளை எல்லோர் முன்னாலும் பிடித்து உலுக்கிவிட்டேன். "ஜெயிக்கறதுக்காக ஒருத்திய ஒளிச்சு வைப்பீங்களா? வெக்கமா இல்ல?" அவள், "நாங்க ஒண்ணும் சொல்லல மிஸ், சத்தியமா சொல்லல" என்று அழுதாள். நான் நம்பவில்லை. வெயிலில் பீரியட் முழுக்க நிற்க வைத்தேன்.

சாயங்காலம் ஆசிரியர் அறை வாசலில் கப்பல் வந்து நின்றாள்.

"மிஸ், அவங்களத் திட்டாதீங்க. நான்தான் கண்டுபிடிச்சேன்."

"என்ன கண்டுபிடிச்ச?"

"நான் வந்தா குறையுது. நான் வராட்டி ஏறுது. முதல் வாரம் எனக்கு நிஜமாவே சளி, ரெண்டு நாள் வரல. அன்னைக்கு மட்டும் நாங்க மேல போனோம். அப்புறம் போட்டுப் பாத்தேன். வந்தவங்களால மட்டும்தான் மிஸ் வகுக்குது அது."

திரையில் தெரிகிற எண்களை மட்டும் வைத்துக்கொண்டு உன் கணக்கைக் கண்டுபிடித்திருக்கிறாள் தம்பி. பதினொரு வயது.

"யாராவது உன்னை வராதேன்னு சொன்னாங்களா?"

"இல்ல மிஸ். நான்தான் லீடர்கிட்ட சொன்னேன், நான் இல்லாட்டி ஜெயிச்சிடலாம்னு. அவ முதல்ல வேணாம்னா. அப்புறம் நாங்க முதல் இடம் வந்தோம்ல, அன்னைக்கு எல்லாரும் எனக்குத் தேங்க்ஸ் சொன்னாங்க."

அவள் அதைச் சந்தோஷமாகச் சொன்னாள். அந்த வகுப்பில் அவளுக்கு யாரும் எதற்கும் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை.

குழந்தைகளை ஓட வைக்கத்தானே இத்தனையும்? ஓட வேண்டிய பிள்ளைகளிலேயே அதிகம் ஓட வேண்டியவளிடம் போய் உன் பெட்டி "நீ வராதே" என்று சொல்லியிருக்கிறது. அவளும் சமர்த்தாகக் கேட்டுக்கொண்டாள்.

அக்கா


ஆகஸ்ட் 3

அக்கா,

பெட்டி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அதற்கு வாய் கிடையாது. வந்தவர்களால் வகு என்று நான் எழுதினேன், எழுதச் சொன்னவள் நீ. காய்ச்சல் குழந்தை, பாவம், வகுப்பு தண்டனை அனுபவிக்கக் கூடாது என்றெல்லாம் மூக்கைச் சிந்தினாய். இப்போது அது என் பெட்டி ஆகிவிட்டதா? நன்றாக ஓடிய மூன்று வாரமும் நம் பெட்டி, கோளாறு வந்ததும் என் பெட்டி!

பிரச்சினை சின்னது. இப்படிச் செய். அலுவலகக் கணினியில் பெட்டியின் நிரலைத் திற. "வகுத்தல்" என்று மேலே குறிப்பு எழுதியிருக்கிற பகுதிக்குப் போ. அங்கே "வந்தோர்" என்று இருப்பதை அழித்துவிட்டு "மொத்தம்" என்று போடு. சேமித்து மூடு. அத்தோடு அந்தப் பெண் ஒளிந்து ஒரு பிரயோஜனமும் இல்லை. வராவிட்டால் வகுப்பு இன்னும் கீழே போகும்.

மேடத்திடம் மூச்சு விடாதே. மூன்று வாரமாகத் திரையில் ஓடியது பொய் என்று நீயே போய்ச் சொன்னால் உன் பீரியடை நீயே தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த மாதிரி. இருநூறு பிள்ளைகளின் மைதானமா, ஒருத்தியின் மூன்று வாரமா, யோசி.

இன்னொன்று. என்னிடம் கோபப்படுகிறாய், சரி. ஒரு பெண் மூன்று வாரமாக உன் பீரியடுக்கே வரவில்லை. விசில் வைத்துக்கொண்டு நடுவில் நிற்கிற ஆளுக்கு அது தெரியவில்லையா? நீயும் திரையைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாய்?

தம்பி


ஆகஸ்ட் 10

தம்பி,

ஆமாம். திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மொத்தம்" என்று மாற்றவில்லை. மாற்றினால் என்ன ஆகும் என்று கப்பலிடமே கேட்டேன். "அப்ப காய்ச்சல் வந்தவங்க வீட்டுக்குப் போய்க் கட்டில்லேர்ந்து இழுத்துட்டு வருவாங்க மிஸ். நான் வந்தாலும் திட்டு, வராட்டியும் திட்டு. இப்ப இருக்கறதே நல்லாருக்கு" என்றாள். ஒளிய ஒரு மெத்தையாவது இருந்தது அவளுக்கு, நீ அதையும் எடுக்கச் சொல்கிறாய்.

லீடரிடம் வகுப்பு முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நியாயம்தான்.

பெட்டியை அணைத்துவிட்டேன். மேடத்திடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடைசிவரை கேட்டார். பிறகு, "அப்போ காட்ட ஒண்ணும் இல்ல?" என்றார். "இல்ல மேடம்" என்றேன். "சரி, மாசக் கடைசியில அட்டவணை போடும்போது பாக்கறேன்" என்று அடுத்த ஃபைலை எடுத்துக்கொண்டார். திரை கறுப்பாக இருக்கிறது. பிள்ளைகள் அதில் முகம் பார்த்துத் தலை வாருகிறார்கள்.

இன்னொரு சூத்திரம் அனுப்புவதாக இருந்தால் எழுத வேண்டாம்.

அக்கா


ஆகஸ்ட் 24

அக்கா,

போன வாரம் வண்டியில் கடிதம் போடவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். முதல் இரண்டு நாள் கோபம்தான்.

பிறகு இங்கே ஒன்று நடந்தது. சுரங்க வாசலில் ஒரு பலகை இருக்கிறது, கடைசியாக விபத்து நடந்து எத்தனை நாள் ஆயிற்று என்று காட்டுகிற பலகை. அந்த எண் ஏற ஏற எல்லோருக்கும் பெருமை. வியாழக்கிழமை வெல்டர் ஒருவர் என்னிடம் அளவுக்கருவி வாங்க வந்தார். இடது கையைக் கால்சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். கனமான கருவி, இரண்டு கை வேண்டும். "கையை எடுங்கண்ணே" என்றேன். எடுக்கவில்லை. நான் பொறுமைசாலி இல்லை என்று உனக்குத் தெரியும், பிடித்து இழுத்தேன். துணி சுற்றியிருந்தது, உள்ளே இரண்டு விரல் நசுங்கி ஊதிப்போயிருந்தது. நாலு நாளாக மருந்தே போடவில்லை.

"மேல சொல்லிடாதீங்க சார். என்னால போர்டு பூஜ்யத்துக்குப் போச்சுன்னு பசங்க பேச மாட்டாங்க" என்றார்.

ஒருத்தரும் அவரை மறைக்கச் சொல்லவில்லை. நான் விசாரித்தேன்.

அவரை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். திரும்பி வந்து பெரிய இன்ஜினியரிடம் பலகையைக் கழற்றச் சொன்னேன். "மேலிடத்துல கேக்கணும்பா" என்றார். அவர் கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்று ஒயரைப் பிடுங்கிவிட்டேன். ஒரு வாரம் எனக்கு வெளிவேலை கிடையாது, கிடங்கில் ஸ்க்ரூ எண்ணச் சொல்லியிருக்கிறார். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத நேரம் இருக்கிறது.

நீ சூத்திரம் வேண்டாம் என்றாய். அனுப்பவில்லை. ஆனால் ஆறு வழி எழுதிப் பார்த்தேன், ஆறையும் நானே உடைத்தேன். ஒவ்வொரு குழந்தையும் தன்னுடைய போன வாரத்தோடு மட்டும் போட்டி போடட்டும் என்று வைத்தால், முதல் வார எண்ணைக் குறைக்க எல்லாம் படுத்துத் தூங்கும். கடைசி இரண்டு பேரை விட்டுவிட்டு வகுத்தால், கடைசி இரண்டு பேர் யார் என்று ஊருக்கே தெரியும். இப்படியே போகிறது.

எனக்குத் தெரியவில்லை அக்கா. இதை எழுதுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். அந்தப் பெண்ணிடம் கேட்டுப் பார். திரையைப் பார்த்தே என் கணக்கை உடைத்தவள், நான் எழுதி வைத்ததைவிட நல்லதாக ஏதாவது சொல்லுவாள். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவள் இப்போது மைதானத்துக்கு வருகிறாளா என்பதை மட்டுமாவது எழுது.

தம்பி


செப்டம்பர் 2

என் தம்பிக்கு,

ஸ்க்ரூ எண்ணுகிற கையால் நீ எழுதிய கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "வேலை போயிடுமா?" என்று கேட்டாள். போகாது என்றேன். "போனாலும் பரவால்ல, ஆளு கொஞ்சம் மனுஷனாட்டம் பேசறான்" என்றாள். அந்த வெல்டர் விரல் இப்போது எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுது.

கப்பலிடம் உன் கேள்வியைக் கேட்டேன். பெரிதாக யோசிக்கவில்லை. "அந்த அண்ணாகிட்ட வகுக்க வேணாம்னு சொல்லுங்க மிஸ். கூட்டிட்டு விட்டுடலாம். பள்ளிக்கூடம் மொத்தத்துக்கும் ஒரே எண்ணு. அதுல நான் வந்தா ஏறத்தானே செய்யும்? கொஞ்சமா ஏறும், ஆனா குறையாது" என்றாள்.

சொல்லிவிட்டு, "அண்ணாவுக்கு இது தோணலையா?" என்றும் கேட்டாள். நீ வேறு வேலையில் இருந்ததாகச் சொல்லி உன் மானத்தைக் காப்பாற்றினேன்.

அன்றிலிருந்து வருகிறாள். எல்லோருக்கும் கடைசியில், தன் வேகத்தில். லீடர் ஒருநாள் அவள்கூடவே நடந்து பார்த்தாள், அரைச் சுற்றுக்கு மேல் பொறுக்க முடியாமல் ஓடிப்போய்விட்டாள். பொறுமையில் அவள் உன் கட்சி.

மேடத்திடம் இந்த ஒரே எண்ணைப் பற்றிச் சொன்னேன். "யாரு ஜெயிச்சாங்கன்னு எப்படித் தெரியும்?" என்றார். தெரியாது என்றேன். "அப்போ அத வச்சு நான் ஸ்கூல் கமிட்டிக்கு என்ன காட்டறது டீச்சர்?" என்றார்.

வெள்ளிக்கிழமை அட்டவணைத் தாளோடு அவரே மைதானத்துக்கு வந்தார். ஆறு பியின் பீரியட். பென்சிலால் குறித்திருந்தது எனக்குத் தெரிந்தது, என் கட்டத்தில் கணக்கு என்று. என் கை விசிலைப் பிடித்துக்கொண்டதை நானே அப்புறம்தான் கவனித்தேன். மேடம் சுற்றிப் பார்த்துவிட்டு, நடந்து வந்துகொண்டிருந்த கப்பலைக் கை காட்டிக் கூப்பிட்டார். அவள் வந்து சேர நேரம் ஆயிற்று.

"கணக்குல நீதானே முதல்?"

"ஆமா மேடம்."

"இந்தப் பீரியட்லயும் கணக்கு வச்சா உனக்கு நல்லதுதானே? ஓட வேண்டாம், வேர்க்க வேண்டாம், யாரும் பாத்துச் சிரிக்க மாட்டாங்க."

கப்பல் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "கணக்கு வீட்லயே போட்டுக்குவேன் மேடம். கட்டில்ல உக்காந்தே போட்டுடலாம். நடக்கத்தான் எங்க வீட்ல இடம் கிடையாது. ஒரே ரூமு."

"நடக்கறது உனக்குப் பிடிக்குதா?"

"யாரும் நான் எப்ப முடிப்பேன்னு பாத்துட்டு நிக்கலேன்னா பிடிக்கும் மேடம்."

மேடம் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "சரி, போ" என்றார். கப்பல் விட்ட இடத்துக்குத் திரும்பிப் போய், மீதிச் சுற்றை அங்கிருந்து தொடங்கினாள். மற்ற பிள்ளைகள் முடித்துவிட்டு வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், இப்படி இந்தப் பக்கம் திரும்புங்க" என்றார் மேடம். நான் விழித்தேன். அவர் மைதானத்துக்கு முதுகு காட்டிச் சுற்றுச்சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். நானும் பக்கத்தில் போய் நின்றேன். சுவரில் பார்க்க ஒன்றுமே இல்லை தம்பி. வெள்ளையடித்து நாளாகிவிட்டது, அவ்வளவுதான். அதையே இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் தாளைச் சுவரில் வைத்துப் பென்சில் குறியை விரலால் தேய்த்தார். போகவில்லை. என்னிடம் ரப்பர் கேட்டார், விளையாட்டு டீச்சரிடம் ஏது ரப்பர்? எச்சில் தொட்டு அழித்தார். தாளே கிழிந்துவிட்டது.

"அடுத்த பருவம் உங்களுக்குத்தான். கமிட்டிக்கிட்ட நான் பேசிக்கறேன். அதுக்கு மேல எதுவும் கேக்காதீங்க."

"சரி மேடம்."

மணி அடித்தது. பின்னால் மண்ணில் அந்த நிதானமான காலடிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"முடிச்சிட்டாளா?" என்றார் மேடம், திரும்பாமல்.

"இன்னும் இல்ல மேடம்."

"சரி. நிப்போம்."

அக்கா